மூளையில் பெரிய அனியூரிசம்... இன்னும் உடையவில்லை! கிளிப்பா, காயிலா, ஸ்டென்ட்டா? முடிவெடுக்கும் முன் டெல்டா குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேன்தான். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி இருக்கும்: 'மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயில் 16 மி.மீ அளவில் அனியூரிசம்.' தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே மகனோ மகளோ செல்போனில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் கண்ணில் படுவது 'டைம் பாம்' என்ற வார்த்தையாகத்தான் இருக்கும். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள்.

அந்த வார்த்தையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். டைம் பாமுக்கு நேரம் குறித்திருப்பார்கள். அனியூரிசத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு மூளை ரத்தக்குழாயில் ஏதாவது ஓர் அளவில் அனியூரிசம் இருக்கலாம் என்று உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே கடைசிவரை தெரியாது. 2025 ஜூனில் கபில் சர்மாவின் நிகழ்ச்சியில் பேசிய இந்தி நடிகர் சல்மான் கான், தன் மூளையில் அனியூரிசம் இருப்பதாகவும், அதோடுதான் வேலை செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்.

அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. 16 மி.மீ என்பது சின்ன அளவு இல்லை. பொதுவாக 10 மி.மீ-ஐத் தாண்டினால் 'பெரியது', 25 மி.மீ-ஐத் தாண்டினால் 'ராட்சத' அனியூரிசம் என்று டாக்டர்கள் வகைப்படுத்துகிறார்கள். உடைந்தால், நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலரால் பழையபடி வேலைக்குத் திரும்ப முடிவதில்லை.

ஆனால், இன்னும் உடையவில்லை என்பதால் யோசிக்கச் சில நாள்களோ சில வாரங்களோ அவகாசம் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் விஷயம்.

கரை மெலிந்த இடம்

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிவதுபோல, மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் பிரிந்து பிரிந்து போகின்றன. ஆறு பிரியும் இடத்திலும் வளையும் இடத்திலும் தண்ணீர் கரையில் மோதி மோதி அரிக்கும். ரத்தக்குழாயிலும் அப்படித்தான். பிரிகிற முனையில் சுவர் மெலிந்து, பை போல வெளியே புடைத்துக்கொள்கிறது. அதுதான் அனியூரிசம். பையின் வாய் குறுகலாக இருக்கிறதா, அகலமாக இருக்கிறதா என்பது பிறகு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது ரொம்ப முக்கியம்.

ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் இதன் முக்கியக் காரணிகள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பரம்பரையாகவும் வரலாம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

பெரிய அனியூரிசம் உடையாமலேயே தொல்லை கொடுக்கும். பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால் ஒரு கண்ணின் இமை சரியும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், பார்வை மங்கும். இமை திடீரென்று சரிந்து, அந்தக் கண்ணின் பாப்பாவும் விரிந்திருந்தால் 'கண் டாக்டரை அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரே அளவு, வேறு வேறு ஆபத்து

'உடையுமா, உடையாதா?' குடும்பம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு டாக்டர்கள் புரட்டும் ஆய்வுகளில் ஒன்று, 'இசூயா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச ஆய்வு. 4,060 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அதன் முடிவுகள் 2003-ல் 'லான்செட்' இதழில் வந்தன. 13 முதல் 24 மி.மீ வரையிலான அனியூரிசம், மூளையின் முன்பக்க ரத்தக்குழாய்களில் இருந்தால் ஐந்து ஆண்டுகளில் உடையும் வாய்ப்பு 14.5 சதவிகிதம். பின்பக்க ரத்தக்குழாய்களில் இருந்தால் 18.4 சதவிகிதம். அதே அளவு, கண்ணுக்குப் பின்னால் 'கேவர்னஸ்' என்ற பகுதியில் இருந்தால் வெறும் 3 சதவிகிதம். அந்த இடம் மூளையின் உறைக்கு வெளியே இருப்பதுதான் காரணம்.

அதாவது, மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படுவதில் அர்த்தம் இல்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2014-ல் வெளியான 'ஃபேசஸ்' மதிப்பெண் முறை. வயது, ரத்த அழுத்தம், அளவு, இடம், முன்பு வேறு அனியூரிசம் உடைந்திருக்கிறதா, எந்த நாட்டு மக்கள் என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு, ஐந்தாண்டு ஆபத்தைச் சொல்கிறது. 60 வயது, பிரஷர் உள்ள ஒரு பெண்மணிக்கு கரோட்டிட் தமனியில் 16 மி.மீ என்றால் 7 மதிப்பெண் வரும், ஆபத்து 2.4 சதவிகிதம். அதே பெண்மணிக்கு அதே அளவு, மூளையின் பின்பக்க ரத்தக்குழாயில் என்றால் 11 மதிப்பெண், 7.2 சதவிகிதம்.

ஒரு கணக்கு 14.5 என்கிறது, இன்னொன்று 2.4 என்கிறது. எது சரி? ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் வேறு, கணக்கிட்ட முறை வேறு என்பதால் இந்த வித்தியாசம். புகைப்பிடிப்பவரா என்பதை ஃபேசஸ் கேட்பதே இல்லை. பையின் வடிவம் ஒழுங்கற்று, மேலே ஒரு குட்டிக் கொப்புளம் இருக்கிறதா என்பதும் அதில் இல்லை. இவை இரண்டையும் டாக்டர்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். எனவே, 'உங்களுக்கு இத்தனை சதவிகிதம்' என்று ஒற்றை எண்ணைச் சொல்லி முடித்துவிடுபவரைவிட, 'இதற்கும் இதற்கும் இடையில்' என்று விளக்குகிற டாக்டரை நம்பலாம்.

சீர்காழி டாக்டர் எழுப்பிய கேள்வி

இந்த இரண்டு ஆய்வுகளிலும் இந்திய நோயாளிகளின் தொகுப்பு இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அனியூரிசம் எவ்வளவு வருகிறது என்று ஆரம்ப காலத்திலேயே கேட்டவர்களில் முக்கியமானவர், டெல்டாவில் பிறந்த ஒருவர். அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழியில் 1922-ல் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி. வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதற்கு அடுத்த வருடமே சென்னை அரசு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவை ஆரம்பித்தவர் ராமமூர்த்தி.

இந்தியாவில் மூளை அனியூரிசம் எந்த அளவுக்குக் காணப்படுகிறது என்பது பற்றி 1969-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் அவர் கட்டுரை எழுதினார். மேலை நாடுகளைவிட இங்கே குறைவு என்பதே அதன் சாரம். அந்தக் காலத்தில் மூளைக்கு சி.டி ஸ்கேன் என்று ஒன்று கிடையாது. உலகிலேயே முதல் நோயாளிக்கு அது எடுக்கப்பட்டது 1971 அக்டோபரில், லண்டனில். இன்று தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும், பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்கும் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. உடையாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுகிறவர்களின் வரிசை நீள்வதற்கு அதுதான் காரணம். நோய் புதிதாகப் பெருகிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு முழுப் படம்

எம்.ஆர்.ஐ அல்லது சி.டி-யில் தெரிந்ததை வைத்து மட்டும் யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் விட்டுப் படமெடுக்கும் டி.எஸ்.ஏ ஆஞ்சியோகிராம் தேவைப்படும். இதயத்துக்கு எடுக்கும் ஆஞ்சியோவின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பையின் வாய் எவ்வளவு அகலம், அதிலிருந்து கிளை ஏதாவது புறப்படுகிறதா என்பதெல்லாம் அதில்தான் துல்லியமாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகளும், கிரியாட்டினின் கூடியவர்களும் சாயம் விடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படங்களின் சி.டி-யைக் கட்டாயம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கப்போனால் பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது.

மண்டையைத் திறந்து ஒரு கிளிப்

1937 மார்ச்சில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வால்டர் டேண்டி, கண் நரம்பு பாதிப்போடு வந்த ஒருவரின் மண்டையைத் திறந்து, அனியூரிசத்தின் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளிக் கிளிப்பை மாட்டினார். உலகின் முதல் அனியூரிசம் கிளிப் அறுவை சிகிச்சை அது. இப்போது வெள்ளிக்குப் பதில் டைட்டானியம் வந்துவிட்டது, மைக்ரோஸ்கோப் வந்துவிட்டது. ஆனால் தத்துவம் அதேதான். பையின் வாயை வெளியிலிருந்து இறுக்கி மூடிவிட்டால், உள்ளே ரத்தம் போகாது.

இதன் பெரிய பலம், நிலைத்து நிற்பது. சரியாக மூடப்பட்ட அனியூரிசம் திரும்பத் திறப்பது அரிது. பலவீனம், மண்டையைத் திறக்க வேண்டியிருப்பது. மருத்துவமனையில் ஒரு வாரம், வீட்டில் ஒன்றிரண்டு மாதம் ஓய்வு என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். வலிப்பு வராமல் தடுக்கும் மாத்திரை சில காலம் தேவைப்படலாம். மூளையின் பக்கவாட்டு ரத்தக்குழாயில் இருக்கும் அனியூரிசத்துக்கு இன்றும் பல டாக்டர்களின் முதல் தேர்வு கிளிப்தான். மூளையின் ஆழத்திலும் பின்பக்கத்திலும் இருப்பவற்றை எட்டுவது கஷ்டம்.

அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனுக்கு 1988 பிப்ரவரியில் ஓர் அனியூரிசம் கசிந்து அவசர அறுவை சிகிச்சை நடந்தது. இன்னொரு பக்கத்தில் உடையாத இரண்டாவது அனியூரிசம் இருந்தது. மூன்று மாதம் கழித்து, மே மாதம் அதற்கும் கிளிப் போட்டார்கள். அதற்குப் பிறகு 32 வருடம் கழித்துத்தான் அவர் அதிபர் தேர்தலில் ஜெயித்தார்.

உள்ளே இருந்தே அடைக்கும் சுருள்

மண்டையைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே போய், தலைமுடி போன்ற பிளாட்டினம் சுருள்களைப் பைக்குள் சுற்றிச் சுற்றி நிரப்புவது காயில் சிகிச்சை. கழற்றிவிடக்கூடிய சுருளை உருவாக்கிய இத்தாலிய டாக்டர் குய்டோ குக்லியெல்மி, 1990-ல் அமெரிக்காவில் அதை முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். தையல் இல்லை, தலைமுடி எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் சில நாள்களில் வீடு திரும்பிவிடுவார்கள்.

சிக்கல், பெரிய பையில்தான் வருகிறது. சுருள்கள் காலப்போக்கில் அழுந்தி இறுகும்; ஓரத்தில் மறுபடி ரத்தம் புகும். எல்லா அளவுகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், காயில் போட்டவற்றில் ஐந்தில் ஒன்று ஓரளவு மீண்டும் திறந்திருந்தது. பத்தில் ஒன்றுக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது. பை பெரிதாகவும் வாய் அகலமாகவும் இருந்தால் இந்த விகிதம் இன்னும் கூடும். வாய் அகலம் என்றால் சுருள் வெளியே நழுவாமல் இருக்க பலூனோ ஸ்டென்ட்டோ துணைக்கு வேண்டும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நடிகை எமிலியா கிளார்க் 2019-ல் வெளிப்படையாக எழுதிய அனுபவம், இதன் இரண்டு பக்கங்களையும் காட்டுகிறது. 2011-ல் உடைந்த அனியூரிசத்துக்கு அவருக்குக் காயில் சிகிச்சை கைகொடுத்தது. உடையாமல் இருந்த இன்னொன்றைக் கண்காணித்து வந்தார்கள். 2013-ல் அது இரு மடங்காக வளர்ந்திருந்தது. அதை ரத்தக்குழாய் வழியாகச் சரிசெய்யப் போனபோது ரத்தக்கசிவு ஏற்பட்டு, மண்டையைத் திறந்துதான் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்தத் தொடரில் கடைசி சீசன் வரை நடித்தார்.

வலை ஸ்டென்ட்: பைக்குள் போகாமலேயே வைத்தியம்

பெரிய, வாய் அகன்ற அனியூரிசங்களுக்கு 2011-க்குப் பிறகு நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'பைப்லைன்' என்ற சாதனத்துக்கு அனுமதி கொடுத்தது. இந்த வகைக்கு 'ஃப்ளோ டைவர்ட்டர்' என்று பெயர். ஓட்டத்தைத் திருப்பிவிடும் வலை ஸ்டென்ட்.

ஆற்றோரம் கரை குடைந்த பள்ளத்துக்கு முன்னால் நெருக்கமாக மூங்கில் படல் கட்டினால் என்ன ஆகும்? ஆற்றின் ஓட்டம் நேராகப் போய்விடும். படலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, வண்டல் படிந்து, பள்ளம் தானாகத் தூர்ந்துவிடும். இந்த ஸ்டென்ட்டும் அதே வேலையைச் செய்கிறது. பைக்குள் எதையும் திணிக்காமல், பையின் வாயைத் தாண்டி முதன்மை ரத்தக்குழாய்க்குள்ளேயே விரிக்கப்படுகிறது. பைக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, மாதக்கணக்கில் அது சுருங்குகிறது. வலை மேல் புதுச் சவ்வு வளர்ந்து மூடிவிடுகிறது. பை சுருங்குவதால், அழுத்தப்பட்டிருந்த கண் நரம்பு மீளவும் வாய்ப்பு உண்டு.

அந்த அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் 108 நோயாளிகள். எல்லோருக்கும் பெரிய அல்லது ராட்சத, வாய் அகன்ற கரோட்டிட் அனியூரிசம். ஆறு மாதத்தில் 73.6 சதவிகிதம் முழுதாக மூடியிருந்தன. ஐந்து வருடம் தொடர்ந்து ஆஞ்சியோ எடுத்தவர்களில் அது 95.2 சதவிகிதம். இன்னொரு பக்கம், 5.6 சதவிகிதம் பேருக்குக் கடுமையான பக்கவாதமோ, மூளை சார்ந்த மரணமோ நேர்ந்தது.

'தூர்ந்துபோக' மாதங்கள் ஆகும் என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. அந்த இடைவெளியில் பை உடைவது அரிது. ஆனால் நடக்காமல் இல்லை. பெரிய அனியூரிசங்களில்தான் அது அதிகம் பதிவாகியிருக்கிறது. அதனால் சில டாக்டர்கள் வலை ஸ்டென்ட்டோடு கொஞ்சம் காயிலையும் சேர்த்து வைக்கிறார்கள்.

இந்த மூன்றும் ஒத்துவராத ராட்சத அனியூரிசங்களுக்கு, அந்த ரத்தக்குழாயையே அடைத்துவிட்டு, தேவைப்பட்டால் வேறு பாதையில் பைபாஸ் போடும் முறையும் உண்டு. அதை மிகச் சில மையங்களில்தான் செய்வார்கள்.

இரண்டு மாத்திரைகளோடு ஒரு வருடம்

வலை ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பொதுவாக ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். பிறகும் ஆஸ்பிரின் பல வருடம் தொடரும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். காகிதத்தில் இது ஒரு வரி. வீட்டில் இது ஒரு வருட வாழ்க்கை.

நாற்று நடவு முடிந்து இடுப்பு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது டெல்டாவில் சாதாரணம். இந்த இரண்டு மாத்திரைகளோடு அதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். 'கேஸ் மாத்திரை' என்று எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒமெப்ரசோல், குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைத்துவிடும். வேறு மாத்திரை எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பல் பிடுங்கப் போனால் பல் டாக்டர், 'ரத்தம் நிற்காது, மாத்திரையை நாலு நாள் நிறுத்துங்கள்' என்பார். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் போனில் கேட்காமல் நிறுத்தவே கூடாது. அறுவடையில் அரிவாள் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும். பெண்களுக்கு மாதவிலக்கில் போக்கு அதிகமாகலாம். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால், முன்பே சொல்லிவிடுவது அவசியம்.

இன்னொன்று. குளோபிடோக்ரெல் எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அதைச் செயல்பட வைக்கும் மரபணுவில் உள்ள மாறுபாடு தெற்காசியர்களிடம் பரவலாகவே காணப்படுகிறது. ஸ்டென்ட்டுக்கு முன்பு, மாத்திரை வேலை செய்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவமனைகள் இருக்கின்றன. செய்யவில்லை என்றால் 'வேறு மாத்திரை தேவைப்படுமா?' என்று தயங்காமல் கேட்கலாம்.

தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாதவர், ஏற்கெனவே அல்சர் இருப்பவர், சீக்கிரமே வேறு பெரிய ஆபரேஷன் தேவைப்படுபவர்... இவர்களுக்கு வலை ஸ்டென்ட் நவீனமானது என்பதற்காகவே நல்லதாகிவிடாது. மண்டையைத் திறக்கும் கிளிப் அவர்களுக்கு உண்மையில் பாதுகாப்பாக இருக்கலாம். 'எது லேட்டஸ்ட்?' என்று கேட்பதைவிட, 'அடுத்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் எதைக் கடைப்பிடிக்க முடியும்?' என்று யோசிப்பதுதான் சரி.

ஐந்து லட்சமும் எட்டு லட்சமும்

பணம் பற்றிப் பேசாமல் முடியாது. இறக்குமதியாகும் ஒரு ஃப்ளோ டைவர்ட்டரின் விலை 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021-ல் வெளியிட்ட செய்திக்குறிப்பு சொல்கிறது. இது சாதனத்தின் விலை மட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிரச்னை புரியும்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ-விடம் வருமானச் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். உடையாத அனியூரிசத்தில் கிடைக்கும் அவகாசத்தை முதலில் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில், 'கிளிப், காயில், ஸ்டென்ட் மூன்றில் எது எவ்வளவு வரை அனுமதி? எத்தனை காயில் வரை? மீதி யார் தர வேண்டும்?' என்று குறிப்பாகக் கேளுங்கள். காயிலில் எத்தனை சுருள் உள்ளே போகும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய பை என்றால் நிறையவே போகும்.

கிளிப்பின் விலை இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதனாலேயே அது ஏழைகளுக்கான இரண்டாம் தர வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. 2019-ல் 'ஜாமா நியூராலஜி' இதழில் வந்த, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவல்களைச் சேர்த்த தொகுப்பில், சிகிச்சையால் வரும் பாதிப்பு ரத்தக்குழாய் வழி முறையில் சுமார் 5 சதவிகிதம். திறந்த அறுவை சிகிச்சையில் சுமார் 8 சதவிகிதம். உயிரிழப்பு இரண்டிலுமே அரை சதவிகிதத்துக்கும் கீழ். இவை எல்லா அளவுகளும் சேர்ந்த சராசரி. பெரிய அனியூரிசத்துக்குக் கூடுதலாகவே இருக்கும். செய்பவரின் கையைப் பொறுத்தும் மாறும். அதனால் 'இந்த மாதிரி கேஸ் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?' என்று கேட்பதில் தப்பில்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

உள்நாட்டில் இந்த ஸ்டென்ட்டைத் தயாரிக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும், பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகமும் சேர்ந்து நிட்டினால் உலோகத்தில் ஒரு ஃப்ளோ டைவர்ட்டரை உருவாக்கி, 2021-ல் தொழில்நுட்பத்தை புனே நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தன. விமானத்துக்காக உருவான உலோக அறிவு, மூளைக்குள் போகும் ஸ்டென்ட்டுக்குக் கைகொடுத்திருக்கிறது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. 2019 ஜனவரியில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடமும் திறக்கப்பட்டது. முதல் கருத்தை அங்கேயே கேட்கலாம். தேவைப்பட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் என்று இரண்டாவது கருத்துக்குப் போகலாம். ஆறாவது மாதமும், ஒரு வருடம் கழித்தும் மறு ஆஞ்சியோவுக்குப் போக வேண்டும் என்பதையும், துணைக்கு வருபவரின் கூலி, ரயில் செலவு, தங்குமிடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு 'நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று மறு ஆஞ்சியோவைத் தவிர்ப்பவர்களுக்கு, பை மறுபடி திறந்திருந்தால் தெரியவே வழியில்லை.

எதுவும் செய்யாமல் கண்காணிப்பது

80 வயதைத் தொட்ட தாத்தாவுக்கும், கேவர்னஸ் பகுதியில் தொல்லை இல்லாமல் இருக்கும் அனியூரிசத்துக்கும், வேறு கடும் நோய் இருப்பவருக்கும் 'இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று டாக்டர் சொல்லலாம். கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம் இல்லை. ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மறுபடி ஸ்கேன் எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பார். வளர்ந்தால் முடிவு மாறும். அதுவரை பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. பீடி, சிகரெட்டை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். நடக்கலாம், வயல் வேலை செய்யலாம். எந்த அளவு பாரம் தூக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் இரண்டு பேருக்கு அனியூரிசம் இருந்தால், மற்றவர்களும் ஒருமுறை எம்.ஆர் ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒருவருக்கு மட்டும் என்றால் எல்லோரும் ஸ்கேன் சென்டருக்குக் கிளம்ப வேண்டியதில்லை. டாக்டரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

வாழ்க்கையில் இதுவரை வந்ததே இல்லை என்று சொல்லும்படி, நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம், வலிப்பு. அனியூரிசம் இருப்பது தெரிந்தவருக்கு இப்படி வந்தால் வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். 'மூளையில் அனியூரிசம் இருக்கிறது' என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஆஞ்சியோ சி.டி-யும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைச் சீட்டும் ஒரே பையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். சீட்டை செல்போனில் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவைத்தால், திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளையும் டாக்டரிடம் அதைப் பார்த்துப் படித்துச் சொல்ல முடியும்.